காங்கிரீட் தளத்துக்குள் ஓர் ஓட்டுக்கூரை

குழித்துறையிலிருந்து களியக்காவிளை வழியாகப் பாறசாலைக்குப் போகும் சாலையில் பழைய ஓட்டு வீடுகளை இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். நாலு பக்கமும் சரிந்து இறங்கும் கூரை. நடுவில் நீளமாக ஒரு முகடு. முகட்டின் இரண்டு முனைகளிலிருந்தும் வீட்டின் நாலு மூலைக்கும் இறங்கி வரும் மூலை மரங்கள். முகட்டை இங்கே மோந்தாயம் என்பார்கள், சரிவில் வரிசையாக இறங்கும் மரங்களைக் கழுக்கோல் என்பார்கள். ‘மோந்தாயம் வளைந்தால் அறுபத்துநாலும் வளையும்’ என்று எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு பழமொழியே இருக்கிறது. அந்த அறுபத்துநாலும் கழுக்கோல்கள்தான். அப்படிப்பட்ட வீடுகளை இடித்துவிட்டுத்தான் எல்லோரும் ‘வார்க்க வீடு’ கட்டுகிறோம். கிழக்கே போகப் போக அதையே காங்கிரீட் போடுவது, தளம் போடுவது என்பார்கள். வேலை ஒன்றுதான், அன்றைக்கு மத்தியானம் பிரியாணி என்பதும் ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாலு பக்கமும் சுவர் தாங்கும் செவ்வக அறையின் தளத்தில் தாங்க முடியாத அளவுக்குப் பாரம் ஏற்றினால் அது எப்படி உடையும் என்று கேட்டால், இடித்துப் போட்டோமே அந்தக் கூரை, அதுதான் பதில். என்ன, தலைகீழாக இருக்கும். நடுவில் நீளவாக்கில் ஒரு விரிசல், அதன் முனைகளிலிருந்து நாலு மூலைக்கும் சாய்வாக ஓடும் விரிசல்கள், இவற்றுக்கு நடுவே வளையாமல் அப்படியே சாயும் நாலு பலகைகள். ஓட்டுக்கூரையைக் கழற்றி மல்லாத்திப் போட்டது போலத் தளம் கீழே இறங்கும். அந்தக் கோடுகளை வைத்தே தளம் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் வழிக்கு யீல்டு லைன் முறை என்று பெயர். கம்பி இளகிக் கொடுக்கும் கோடு என்பதால் தமிழில் இளகுகோடு என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் எல்லையின் இரண்டு பக்கமும் வீட்டு வேலை பார்ப்பவன். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் இந்தப் பக்கம் வந்தது, பாறசாலை அந்தப் பக்கம் நின்றது. காங்கிரீட்டுக்கான விதிப்புத்தகமான ஐ.எஸ். 456 மட்டும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. அதன் பின்னிணைப்பு ‘டி’யில் அட்டவணை 26 என்று ஒன்று உண்டு. அறையின் நீள அகல விகிதத்தைப் பார்த்து, எந்தெந்தப் பக்கம் தளம் அடுத்த அறைக்குத் தொடர்கிறது என்று பார்த்து, அங்கே இருக்கும் எண்ணை எடுத்துப் பெருக்கினால் கம்பிக் கணக்கு முடிந்துவிடும். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். நானும் ரொம்ப நாள் விழித்தவன்தான். அவற்றின் அடியில் இருப்பது இந்தக் கவிழ்ந்த கூரை என்பது தெரிந்த பிறகுதான், சைட்டில் எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடவே கூடாது என்பது எனக்குப் பிடிபட்டது.

முதலில் தளத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பாரம் ஏற ஏறத் தளம் லேசாக வளைகிறது. அடிப்பக்கம் இழுபடுகிறது. காங்கிரீட் இழுவை தாங்காது, மயிரிழை விரிசல் விடுகிறது. அதுவரை சும்மா கிடந்த கம்பி வேலையைத் தொடங்குகிறது. இன்னும் பாரம் ஏறினால், வளைவு அதிகமாக இருக்கும் இடத்தில் கம்பி தன் எல்லையைத் தொடுகிறது. அந்த இடத்தில் அது அறுந்துவிடாது. அதே விசையைப் பிடித்துக்கொண்டே நீள ஆரம்பிக்கும். இதைத்தான் யீல்டு என்கிறோம். நீளும் கம்பி இனி கூடுதல் பாரத்தை ஏற்காது, ஆனால் ஏற்கெனவே பிடித்ததைக் கைவிடவும் செய்யாது. அப்போது புதிய பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகிறது. அவையும் எல்லையைத் தொடுகின்றன. இப்படி இளகிய இடங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கோடாக நீண்டு, கடைசியில் எல்லாக் கோடுகளும் விளிம்பு வரை போய்ச் சேரும்போது தளம் கீல் வைத்த பலகைகளாக மாறிவிடுகிறது. கதவுக் கீல் போலத்தான், ஆனால் துருப்பிடித்த கீல். திரும்புவதற்குத் தொடர்ந்து ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இலையில் பப்படத்தை அமுக்கினால் அதுவும் கோடு கோடாகத்தான் உடைகிறது. ஆனால் பப்படம் முதல் கோடு விழுந்ததுமே எல்லாவற்றையும் கைவிட்டுவிடும். காங்கிரீட் தளம் பப்படம் ஆகாமல் இருப்பதற்கு முழுக் காரணம் கம்பி நீளக்கூடியது என்பதே. கடையில் கம்பி வாங்கும்போது 500, 500 டி என்று இரண்டு கேட்டிருப்பீர்கள். 500 என்பது வலிமை. டி என்பது நீளும் குணம். ஐ.எஸ். 1786 விதிப்படி 500 கம்பி அறுவதற்கு முன் குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500 டி 16 சதவீதம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது டி வாங்குங்கள் என்று நான் சொல்வது இந்தக் காரணத்துக்காகத்தான். அதோடு தளத்தில் கம்பி குறைவாக இருப்பதும் ஒரு வசதி. கம்பியை அளவுக்கு மீறி அடைத்தால், அது இளகுவதற்கு முன்பே மேலே அமுங்கும் காங்கிரீட் நொறுங்கிவிடும். அப்புறம் இந்தக் கணக்குக்கே இடமில்லை. வீட்டுத் தளங்களில் அந்த அளவுக்குக் கம்பி போவதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பள்ளிக்கூட அளவுக் கணக்குதான், பயப்பட ஒன்றுமில்லை. 3.5 மீட்டர் சதுர அறை, அதாவது கிட்டத்தட்ட பதினொன்றரை அடி. நாலு பக்கமும் சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கும் தளம். உடையும்போது இரண்டு மூலைவிட்டங்களிலும் கோடு விழுந்து நாலு முக்கோணங்கள் சாய்கின்றன. நடுப்புள்ளி ஒரு பங்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம்.

தளத்தின் மேலிருக்கும் பாரமும் கூடவே இறங்குகிறது. பாரம் செய்யும் வேலை எவ்வளவு? நடுவில் இருப்பது முழுசாக இறங்குகிறது, ஓரத்தில் இருப்பது இறங்கவே இல்லை. மொத்தத்தையும் கூட்டினால், கவிழ்ந்த கூரைக்குள் அடங்கும் கனஅளவைச் சதுர மீட்டர் பாரத்தால் பெருக்கியது வரும். இறக்கம் ஒரு பங்கு என்பதால், கூம்பின் கனஅளவு அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, பாரம் × பக்கம் × பக்கம் ÷ 3.

எதிர்ப்பக்கம் கம்பி செய்யும் வேலை. ஒவ்வொரு முக்கோணமும் தன் சுவரைக் கீலாக வைத்துச் சாய்கிறது. சாய்வின் அளவு ஒரு பங்கை அரைப்பக்கத்தால் வகுத்தது. ஒரு மீட்டர் அகலத் தளம் வளைய மறுக்கும் அளவை மொமெண்ட் என்கிறோம். அதைப் பக்கத்தின் நீளத்தாலும் சாய்வாலும் பெருக்கினால் ஒரு முக்கோணத்துக்கு இரண்டு மொமெண்ட் வருகிறது. நாலுக்கு எட்டு. இரண்டு வேலையும் சமம் என்று எழுதினால், மொமெண்ட் = பாரம் × பக்கம் × பக்கம் ÷ 24. முடிந்தது.

இந்த 24 எவ்வளவு தாராளமானது என்பது மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் தெரியும். அதே அறையை இரண்டு சுவர் மட்டும் தாங்குகிறது என்று எடுத்துக்கொண்டால் 24 இருக்கும் இடத்தில் 8 வரும். பாரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு திசைப் பட்டைகளுக்குக் கொடுக்கும் பழைய வழியில் 16 வரும். 5 இஞ்ச் தளம், மேலே தட்டோடும் பூச்சும், ஆட்கள் புழங்கும் பாரம் எல்லாம் சேர்த்து, பாதுகாப்புக்காக ஒன்றரை மடங்காக்கினால் சதுர மீட்டருக்கு சுமார் 9.2 கிலோநியூட்டன். 940 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழியில் தளத்துக்கு 14 கிலோநியூட்டன் மீட்டர் வலிமை வேண்டும், இரண்டாவதில் 7, இளகுகோட்டு வழியில் 4.7. நம் சைட்டில் வழக்கமாகப் போடும் 8 எம்எம் கம்பி 6 இஞ்ச் இடைவெளியில் 12 முதல் 13 வரை கொடுக்கும். பத்துக்குப் பதினொன்று அறையில் எந்த நட்டமும் இல்லாமல் தளம் நிற்பதன் ரகசியம் இதில் பாதி.

அடுத்த அறைக்குத் தளம் தொடர்ந்தால் சுவருக்கு மேலேயும் ஒரு கோடு விழ வேண்டும். அங்கே தளம் மேல்பக்கம் இழுபடுவதால் மேல்கம்பி வேலை செய்யும். கணக்கில் ஒரே மாற்றம்தான். நடுவின் அடிக்கம்பி வலிமையும் சுவருக்கு மேலிருக்கும் மேல்கம்பி வலிமையும் கூடி, அந்த 24 இல் ஒன்று ஆக வேண்டும். எதற்கு எவ்வளவு என்று பிரிப்பது ஓரளவுக்கு எஞ்சினியர் கையில். குடும்பத்தில் மொத்தச் செலவு இவ்வளவு, அதை அண்ணனும் தம்பியும் எப்படிப் பகிர்ந்தாலும் கடைக்காரருக்குக் கவலையில்லை என்பது மாதிரி. ரொம்பக் கோணலாகப் பகிர்ந்தால் விரிசல் சீக்கிரம் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது அட்டவணை 26 ஐ எடுங்கள். நாலு பக்கமும் தொடராத சதுர அறைக்கு நடுமொமெண்ட் எண் 0.056. நம் கணக்கில் 24 இல் ஒன்று என்பது 0.0417. பொருந்தவில்லையே என்று தோன்றும். அந்தப் பின்னிணைப்பையே கொஞ்சம் மேலே படித்தால், தளத்தை நடுப்பட்டை, ஓரப்பட்டை என்று பிரிக்கச் சொல்லியிருக்கும். நடுப்பட்டை அகலத்தில் முக்கால் பங்கு. கணக்கிட்ட கம்பி அங்கே மட்டும்தான், ஓரத்தில் குறைந்தபட்சக் கம்பி போதும். முழு அகலத்துக்குமான வலிமையை முக்கால் அகலத்துக்குள் அடக்க வேண்டும் என்றால், 0.0417 ஐ 0.75 ஆல் வகுக்க வேண்டும். 0.0556. அட்டவணையின் 0.056 வந்துவிட்டது.

இன்னொன்று. நாலு பக்கமும் தொடரும் நடு அறைக்கு அட்டவணை இரண்டு எண் தருகிறது: சுவர்மேல் 0.032, நடுவில் 0.024. கூட்டிப் பாருங்கள். அதே 0.056. அண்ணன் தம்பி கணக்கு! முதன்முதலில் இதைக் கூட்டிப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் பகிர முடியவில்லை.

எண்கள் மேலிருந்து இறங்கி வந்தவை இல்லை, உடையும் தளத்திலிருந்து வந்தவை. ஐ.எஸ். 456 இன் 24.4 ஆம் பிரிவின் குறிப்பும் இதை மறைக்கவில்லை. தளம் வளைந்து மீளும் நிலையை வைத்துக் கணக்கிடும் மீள்தன்மை வழியில் போக நினைப்பவர்களுக்கு பீஜோ, வெஸ்டர்கார்ட் ஆகியோரையும், உடையும் நிலையை வைத்துக் கணக்கிடுபவர்களுக்கு ஜோஹான்சனையும் அது காட்டுகிறது.

அந்த ஜோஹான்சன் டென்மார்க்காரர். க்னுட் வின்ஸ்ட்ரப் ஜோஹான்சன். அவருக்கு முன்பே 1921 இல் அதே நாட்டின் இங்கர்ஸ்லெவ் இந்தக் கோட்டு யோசனையைத் தொட்டுவிட்டார். ஆனால் அதை முழு முறையாக்கி, எந்த வடிவத் தளத்துக்கும் பயன்படும் விதிகளாக எழுதியவர் ஜோஹான்சன். நாடு ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்த 1943 இல் அது அவருடைய முனைவர் பட்ட ஆய்வாக வந்தது. டேனிஷ் மொழியில் கிடந்த அது ஆங்கிலப் புத்தகமாக வர 1962 ஆயிற்று. இதற்கிடையே சோவியத் நாட்டில் குவோஸ்தெவ் தனியாக இதே திசையில் நடந்துகொண்டிருந்தார்.

அவர்கள் சொன்ன விதிகளில் அடிப்படையானவை சில. கோடுகள் நேராக இருக்கும். ஒவ்வொரு பலகையும் தன்னைத் தாங்கும் சுவரை அச்சாக வைத்துத் திரும்பும், தூண் இருந்தால் அச்சு தூண் வழியாகப் போகும். இரண்டு பலகைகளுக்கு நடுவே விழும் கோடு, அவற்றின் அச்சுகளை நீட்டினால் சந்திக்கும் புள்ளி வழியாகப் போகும். இவ்வளவு தெரிந்தால் எல் வடிவ அறையோ, மூன்று பக்கம் மட்டும் சுவர் உள்ள சிட்-அவுட்டோ, ஒரு தாளில் படம் போட்டுக் கணக்கிட்டுவிடலாம்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. கிணற்றுக்கு வட்ட மூடி வார்க்கக் கேட்பார்கள். வட்டத் தளத்தில் கோடுகள் குடைக்கம்பி மாதிரி நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் பிரியும். கணக்கு: பாரம் × ஆரம் × ஆரம் ÷ 6. சதுரத்தில் ஆரத்துக்குப் பதில் அரைப்பக்கத்தை வைத்துப் பாருங்கள், அதே ஆறில் ஒன்றுதான் 24 இல் ஒன்றாக நிற்கிறது. சமபக்க முக்கோணத்துக்கும் உள்ளே அடங்கும் வட்டத்தின் ஆரத்தை வைத்தால் அதே ஆறு. முக்கோணம், சதுரம், வட்டம் எல்லாம் ஒரே சூத்திரத்துக்குள் வந்து உட்காரும் இந்த இடம் எனக்கு இந்த முறையிலேயே ரொம்பப் பிடித்தது.

இனி இதன் ஆபத்தைச் சொல்ல வேண்டும். சின்ன ஆபத்து இல்லை. கோடுகள் எப்படி விழும் என்பதை நாம்தான் ஊகிக்கிறோம். நம் ஊகம் சரியாக இருந்தால் விடை சரி. தப்பாக இருந்தால் விடை எப்போதுமே ஒரு பக்கமாகத்தான் தப்பும். தளம் உண்மையில் தாங்குவதைவிட அதிகம் தாங்கும் என்று கணக்கு சொல்லும். தண்ணீர் பள்ளத்தைத் தேடும். தளமும் உடைவதற்கு எது சுலபமோ அந்த வழியைத் தேடிக்கொள்ளும், நம் படத்தைக் கேட்டுக்கொண்டிருக்காது.

ஒரு உதாரணம். அதே சதுரத் தளத்தின் நடுவில் ஒரே இடத்தில் பாரம் வைக்கிறோம், மொட்டை மாடியில் தொட்டியை ஒற்றைக் கட்டையில் நிறுத்தியது போல. மூலைவிட்டக் கோடுகளை வைத்துக் கணக்கிட்டால் தாங்கும் பாரம் எட்டு மடங்கு மொமெண்ட். ஆனால் மேல்கம்பி இல்லாத தளம் அந்த இடத்தைச் சுற்றி விசிறி மாதிரிக் கோடுகளை விட்டு 6.28 மடங்கிலேயே இறங்கிவிடும். இருபது சதவீதத்துக்கும் மேல் வித்தியாசம். படம் போட்டவர் விசிறியை யோசிக்கவில்லை என்றால் அவருக்கு அது தெரியாமலே போகும்.

ஆனால் எல்லா ஊகத் தவறும் இவ்வளவு தண்டிக்காது. 3.5 மீட்டருக்கு 5 மீட்டர் அறையை எடுத்தேன். தச்சர் கூரை போடுவது போல மூலைக்கோடுகளைச் சரியாக 45 பாகையில் இறக்கிக் கணக்கிட்டேன். உண்மையில் கோடு விழும் இடம் வேறு. முகடு முடியும் புள்ளி சின்னச் சுவரிலிருந்து 1.75 மீட்டரில் இல்லாமல் 2.04 மீட்டரில் இருக்கும். இரண்டு விடைக்கும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கோட்டின் வகை சரியாக இருந்தால் இடம் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பெரிய மோசம் இல்லை. வகையே தப்பினால்தான் வில்லங்கம். இந்த முறையில் பழகியவர்கள் விடையின்மேல் பத்து சதவீதம் கூட்டிப் போடுவது இதற்காகவே.

அந்தப் பத்தில் பெரும்பகுதியை மூலைகள் தின்றுவிடும். மூலைவிட்டக் கோடு மூலைக்கு வரும்போது நேராக முனையில் போய் முட்டாது, ஒய் எழுத்து மாதிரி இரண்டாகப் பிரியும். மூலையை யாரும் அழுத்திப் பிடிக்காவிட்டால் அது மேலே எழும்பும். அதனால் அந்த 24 என்பது 22 வரை இறங்கும்.

இதைப் பற்றிச் சைட்டில் ஒரு பேச்சு. கம்பி கட்டுவதில் என் வயதுக்கு மேல் அனுபவம் உள்ளவர் ஒருவர் மூலைக்கம்பிக் கட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சாரே, பாரம் எல்லாம் நடுவுலதான வரும். மூலையில கொண்டு ஏன் கம்பியப் போட்டுக் கெடுக்கணும்?” நியாயமான கேள்விதான். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியதால், டைல்ஸ் வந்த பெட்டியின் அட்டையைக் கிழித்து, நாலு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்து, “நடுவுல அமுக்குங்க அண்ணாச்சி” என்றேன். அமுக்கினார். நாலு மூலையும் பொசுக்கென்று மேலே எழும்பியது. கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ இது பாரத்துக்கு இல்ல, மூலையப் பிடிச்சு வைக்க” என்றார். அவ்வளவுதான் விஷயம்.

தொடராத இரண்டு பக்கங்கள் சந்திக்கும் மூலையில், குறுகிய பக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்கு, மேலே இரண்டு அடுக்கு, கீழே இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றிலும் நடுக்கம்பியில் முக்கால் பங்கு என்று விதி சொல்கிறது. அட்டவணை 26 இன் எண்ணை எடுத்துக்கொண்டு இந்தக் கம்பியை விட்டுவிடுவது, தள்ளுபடியை வாங்கிக்கொண்டு பில்லைக் கிழித்துப் போடுவது போன்றது. மூலையைப் பிடிக்க முடியாது என்றால் பக்கத்திலேயே அட்டவணை 27 இருக்கிறது. பட்டைக் கணக்கின் 16, அதாவது 0.062, அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவு பயமுறுத்திய பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். உண்மையான கட்டடங்களில் தளங்கள் இந்தக் கணக்கு சொல்வதைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே தாங்குகின்றன. 1950களில் தென்னாப்பிரிக்காவின் ஜோஹானஸ்பர்க்கில் இடிக்கப்படவிருந்த ஒரு பல் மருத்துவமனைக் கட்டடத்தில் ஓக்கிள்ஸ்டன் என்பவர் தளங்களின்மேல் பாரம் ஏற்றிப் பார்த்தார். நடுவே இருந்த தளம் ஜோஹான்சன் கணக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தாங்கியது. சுற்றிலும் உள்ள தளங்களும் பீம்களும் அதை வெளியே விரியவிடாமல் நெருக்கிப் பிடித்ததே காரணம். விரிசல் விட்ட தளம் விரிய முயலும். விரிய இடம் இல்லாவிட்டால் உள்ளுக்குள் தட்டையான ஒரு வளைவு, ஆர்ச் மாதிரி, உண்டாகிப் பாரத்தைச் சுவர்களுக்குத் தள்ளும். அதையும் தாண்டி நன்றாகத் தொங்கிவிட்டால் கம்பிவலை முழுதும் தூளி போல இழுபட்டுத் தாங்கும். ஓரத்து அறைக்கும் தனி ஷெட்டுக்கும் இந்த நெருக்கம் கிடைக்காது. அதனால் அதை எண்ணி யாரும் கம்பியைக் குறைக்கக் கூடாது.

இந்த முறை வாயே திறக்காத சில விஷயங்களும் உண்டு. தளம் எவ்வளவு தொய்யும், விரிசல் எவ்வளவு அகலும் என்று அது சொல்லாது. தூணைச் சுற்றித் தளம் ஓட்டை விழுந்து இறங்கும் ஆபத்தையும் அது பார்ப்பதில்லை. நம் 3.5 மீட்டர் அறைக்கு வலிமைக் கணக்கின்படி 8 எம்எம் கம்பியை ஒரு அடி இடைவெளியில் போட்டாலே கடந்துவிடும். ஆனால் தளத்தின் கனத்தைத் தீர்மானிப்பது தொய்வு. சிறிய அறைகளுக்கு, நாலு பக்கமும் சும்மா உட்காரும் இருதிசைத் தளத்தில், முறுக்குக் கம்பி என்றால் பக்கத்தை 28 ஆல் வகுத்த கனம் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. 3,500 மில்லிமீட்டரை 28 ஆல் வகுத்தால் 125. கொத்தனார்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் 5 இஞ்ச் அதுதான். வலிமையில் மிச்சம் இருக்கிறதே என்று 4 இஞ்ச் ஆக்கச் சொல்பவர்களிடம் நான் இந்த இடத்தில் பிடிவாதமாக நிற்பேன்.

அப்புறம் சன்ஷேடு. இளகுகோட்டுக் கண்ணோடு பார்த்தால் வீட்டிலேயே மிகவும் ஏழை இதுதான். அறைத் தளத்தில் ஒரு கோடு இளகினால் பாரம் வேறு பக்கம் போகும், அடுத்த கோடு, அதற்கடுத்த கோடு என்று அவகாசம் கிடைக்கும். சன்ஷேடுக்கு ஒரே கோடு. சுவரை ஒட்டி, மேல்பக்கம். அது போனால் எல்லாம் போயிற்று, அண்ணன் தம்பி யாரும் இல்லை. அங்கே கம்பி மேலே இருக்க வேண்டும். வார்க்கும் அன்று சட்டி தூக்கி நடப்பவர்கள் கால் பட்டுக் கம்பி கீழே இறங்கிவிடும். 3 இஞ்ச் கனத்தில் மேலிருக்க வேண்டிய கம்பி அடியில் கிடந்தால், இழுபடும் பக்கத்தில் கம்பியே இல்லை என்று அர்த்தம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு வீட்டில் பலகையைப் பிரித்த அன்றே சன்ஷேடு ஒன்று ஒரு இஞ்சுக்கு மேல் தலை தொங்கியது. உடைத்துப் பார்த்தோம். கம்பி நாங்கள் வரைந்த எண்ணிக்கையில் சரியாக இருந்தது, இடம்தான் அடியில். ஒப்பந்தக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, வார்க்கும்போது மேலே நின்றவன் நான். அன்றிலிருந்து சேர் கம்பி, அதாவது நாற்காலி மாதிரி வளைத்த கம்பி, வைத்து மேல்கம்பியைத் தூக்கிக் கட்டாமல், நடப்பதற்குப் பலகை போடாமல் கலவை ஏற விடுவதில்லை.

வீட்டுக்காரர்கள் இப்போது விரிசலைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். அடியிலிருந்து பார்க்கும்போது மூலையை நோக்கிச் சாய்ந்து ஓடினால், நடுவில் வந்து ஒன்றுசேர்ந்தால், பாரக் கோடு என்று சந்தேகப்பட்டு மேலே என்ன ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் மாடியில் மண் நிரப்பித் தோட்டம் போட்டிருப்பார்கள், அல்லது சுவருக்கு மேல் இல்லாமல் அறை நடுவில் தொட்டி நிற்கும். மேற்பரப்பில் சிலந்தி வலை மாதிரி மெல்லிசாகப் பரவியிருந்தால் வார்த்த அன்று வெயிலில் காய்ந்தது, சரியாக நனைக்கவில்லை. அடியில் ஆறு இஞ்சுக்கு ஒன்றாக, கோடு போட்டது மாதிரி வரிசையாக, பழுப்புக் கறையோடு இருந்தால் அது கம்பி துருவேறிக் காங்கிரீட்டைத் தள்ளுவது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து வரும் படங்கள் அநேகமாக இந்தக் கடைசி வகைதான். கம்பியே மெலிந்துபோன இடத்தில் எந்த எண்ணை வைத்து 24 ஆல் வகுப்பது? அங்கே சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், தட்டித் தட்டி எங்கெல்லாம் பொள்ளலாகச் சத்தம் வருகிறது என்று முதலில் சாக்பீஸால் குறித்துக்கொள்கிறேன்.